கழலாத திருகாணி

கோபத்தையும் பிரியத்தையும் ஒரே முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறவள், என் மச்சானுக்கு எழுதிக்கொள்வது.

நலமா என்று கேட்கமாட்டேன். போன இடத்தில் வெற்றிலை கிடைக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன். கிடைக்காவிட்டால் அங்கே யாரோடும் முகங்கொடுத்துப் பேசியிருக்கமாட்டீர்கள், அது எனக்குத் தெரியும்.

சோழவந்தான் ஸ்டேஷனில் நம் வெற்றிலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதுரைக்குப் போகும் சாயங்கால வண்டி இன்னும் வரவில்லை. பட்டாளத்துச் சாமான் ஏற்றிய ஸ்பெஷல் ஏதோ முந்திக்கொண்டு போகவேண்டுமாம். அதற்காக நம் வண்டியை எங்கோ ஓரங்கட்டி வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் வரும்போது வரட்டும் என்று சுவரில் சாய்ந்து கிடப்பேன். இப்போது என் இடது கையில் உங்கள் வாட்ச் இருக்கிறது. எவ்வளவு தாமதம் என்று நிமிஷக் கணக்கில் தெரிகிறது. தெரிந்தபிறகு உட்கார முடியவில்லை. எழுந்து போய்க் கட்டுகள்மேல் தண்ணீர் தெளிக்கிறேன், வந்து இரண்டு வரி எழுதுகிறேன், மறுபடியும் எழுகிறேன். இதை இத்தனை வருஷம் கட்டிக்கொண்டு நீங்கள் எப்படி அப்படி அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள்?

இன்னொரு தவிப்பும் இருக்கிறது. தெற்குக் கொடிக்காலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆறு மணிக்கு மடையை அடைக்கவேண்டும். தண்ணீர் நின்றால் வெற்றிலைக் கொடிக்கு வேர் அழுகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இந்த வண்டி வந்து கட்டுகள் ஏறினால்தான் நான் இங்கிருந்து ஓடமுடியும்.

கடிதம் உங்களுக்குத்தான், ஆனால் ஊரும் படிக்கட்டும். இன்று காலையிலிருந்து என் கையைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னால் என் சரக்கு வாடிவிடும். எழுதி முடித்து, ஸ்டேஷன் வாசல் காப்பிக் கடைச் சுவரில் ஒட்டச் சொல்லப்போகிறேன். “தாலி அறுத்தவ கையில என்ன பளபளன்னு?” என்று கேட்கிறவர்கள் அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம். எழுத்துத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் வாசித்துக் காட்டட்டும், பேப்பரில் சண்டைச் செய்தியை நான் உங்களுக்கு வாசித்த மாதிரி.

காய்ச்சலோடு உங்களை மதுரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய சாயங்காலம் ஞாபகம் இருக்கிறதா? மாட்டு வண்டியில் வைக்கோல்மேல் படுத்தபிறகு வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்தீர்கள். “தெக்குக் கொடிக்கால்ல தண்ணி பாயுது. ஆறு மணிக்கு மடைய அடைச்சுரு. மறந்துராத. வாரேன்” என்றீர்கள். நான் அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். பெரிய முள்ளும் சின்ன முள்ளும் ஒரே கோட்டில் வரும்வரை பார்த்திருந்து மடையை அடைத்தேன். வாரேன் என்றுதானே சொல்லிவிட்டுப் போனீர்கள்?

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வளையலை உடைத்தார்கள். மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். பெரியமனுஷியாவதற்கு முன்னாலிருந்தே மூக்கில் கிடந்த மூக்குத்தி. அதன் திருகாணி எப்படியும் முரண்டு பிடிக்கும், அந்தச் சாக்கில் கொஞ்ச நேரம் கிடைக்கும் என்று நினைத்தேன். ஒரே சுற்றில் கழன்று வந்துவிட்டது. எனக்கு அழுகையைவிட அதன்மேல் வந்த ஆத்திரம்தான் பெரிது.

கருமாதி கழிந்த கையோடு உங்கள் அண்ணன் வந்தார். கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். தம்பி நட்ட கொடி பாழாகிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு.

“ஏத்தா, கொடிக்கால எங்கிட்ட விட்ரு. நீ மககிட்டப் போயி நிம்மதியா இரு. திருவாதவூருல கஞ்சிக்கா பஞ்சம்?”

“எலி வளையானாலும் தனி வளை வேணும் பெரிய மச்சான்.”

“கொடியப் பாத்துக்குவ, ஒத்துக்கிறேன். ரயிலப் பாத்துக்குவியா?”

அங்கேதான் மனுஷர் மடக்கிவிட்டார். கொடி கட்டவும் இலை கிள்ளவும் நூறு நூறாகக் கவுளி அடுக்கவும் உங்களோடு நின்று செய்தவள்தான் நான். ஆனால் நேரம் உங்கள் கையில் இருந்தது. “கெளம்பு” என்பீர்கள், கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். நீங்கள் இல்லாமல் வெயிலைப் பார்த்துக் கிளம்பிப் பழகினேன். மேகம் மூடிய ஒரு நாள் நான் ஸ்டேஷன் மேட்டில் ஏறும்போதே வண்டி ஊதிக்கொண்டு போனது. இன்னொரு நாளும் அப்படியே. பறித்த இலை அம்புட்டும் கொல்லையில் பழுத்துக் கிடந்தது. இன்னொரு தரம் சரக்குத் தவறினால் வேறு கொடிக்காலைப் பார்த்துக்கொள்வேன் என்று மதுரை மண்டிக்காரர் ஆளிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

உங்கள் அண்ணன் பங்காளிகளைக் கூட்டி வைத்துக்கொண்டு பேசி முடித்தார். வைகாசி முகூர்த்தச் சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் கொடிக்கால் என்னிடம். தவறினால் அவரிடம், நான் மகள் வீட்டுக்கு. தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

வாட்ச்தான் இருந்ததே, பார்த்துக்கொண்டு கிளம்பவேண்டியதுதானே என்பீர்கள். உங்கள் மணிக்கட்டு உலக்கை, என்னுடையது அகப்பைக் காம்பு. கையைத் தூக்கினால் வாட்ச் முழங்கைக்குப் போகிறது, தொங்கவிட்டால் வாய்க்காலில் விழுகிறது. இடுப்பில் செருகினேன். தலையில் கட்டு இருக்கும்போது இடுப்பில் இருப்பதை யார் எடுத்துப் பார்ப்பது? கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டேன். எதிரே வந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். என் கழுத்தில் கயிற்றைப் பார்த்ததும் அவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. பிறகு கையில் துணி சுற்றி அதன்மேல் கட்டினேன். ஸ்டேஷன் மாஸ்டர், “என்னம்மா, கையில புண்ணா?” என்று விசாரித்தார்.

தோல் வார் போட்டிருக்கலாம். நீங்கள் போட்டிருந்த தோல் வார் கொடிக்கால் ஈரத்தில் ஊறி நாறிப்போனதால்தானே மதுரையில் இந்த உலோகச் சங்கிலியை மாட்டிக்கொண்டு வந்தீர்கள்? வந்த அன்றைக்கு என்ன பெருமை! “கண்ணிக்குக் கண்ணி திருகாணி இருக்கு பாரு. வேணும்னா கூட்டிக்கலாம், வேணாம்னா கொறைச்சுக்கலாம்.” கொறைச்சுக்கலாமாம். குறைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நாலு கண்ணிகளை எடுத்துவிட்டால் என் கையில் நிற்கும் என்று கோரிப்பாளையம் போனேன். ரயிலில் இறங்கி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, தர்காவுக்குப் பக்கத்துத் தெருவில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பாய் கடை. உங்களை அவருக்கு ஞாபகம் இருந்தது. “வாய் நெறைய வெத்தலையோட வருவாரே, அவரா?” என்று கேட்டு, நான் பதில் சொல்லுமுன்னே என் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, மெல்லிய திருப்புளி ஒன்றை எடுத்து முதல் திருகாணியில் வைத்தார். அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார். திருப்புளி நழுவி அவர் விரலில் குத்தியது.

“யா அல்லா! உடும்புப் பிடியால்ல இருக்கு. உங்க வீட்டுக்காரரு இதுல ஈயத்தக் காச்சி ஊத்துனாரா?”

“அவரு வெத்தலக் கொடி வைக்கிறவரு பாய். ஈயத்துக்கு எங்க போவாரு?”

“அப்பத் துருத்தான். மண்ணெண்ணெயில ஊறப்போட்டா எளகிரும். ஆனா இப்ப வெளக்குக்கே மண்ணெண்ண கெடைக்க மாட்டேங்குது, இதுக்கு எவன் குடுப்பான்? தேங்காண்ணெயில போட்டு வைங்க.” விரலைச் சப்பிக்கொண்டே சங்கிலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அவசரம்னா சொல்லுங்க தங்கச்சி. சின்ன வாள் இருக்கு, வேண்டாத கண்ணிய அறுத்துர்றேன்.”

“அறுக்க வேணாம் பாய். எங்க வீட்டுல அறுத்தது போதும்.”

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். சங்கிலியை வாட்சிலிருந்து தனியே கழற்றி, இரண்டையும் வெவ்வேறு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வேலை நடக்கவில்லையே என்று டீ வரவழைத்துக் குடிக்கவைத்துத்தான் அனுப்பினார்.

எண்ணெயில் போட்டேன். உலை வைக்கும்போது ஒரு தரம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது ஒரு தரம், எண்ணெய்க் கிண்ணத்தில் கையை விட்டு எடுத்துத் திருகிப் பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது. என்னிடம் ஏது திருப்புளி? இலை கிள்ளுவதற்குக் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வோமே, அந்த இரும்பு நகத்தின் முனைதான் என் ஆயுதம். முனை சரியாகத்தான் பொருந்தியது. திருகாணிதான் அசையவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர்ந்திருக்கும். இது போகப்போக இறுகிக்கொண்டே வந்தது. முகூர்த்தச் சரக்கு நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கனவில்கூட வண்டி ஊதிக்கொண்டு போனது.

நான் இதோடு மல்லுக்கட்டுவதை உங்கள் அண்ணன் ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டார்.

“இதக் கையில போடப்போறியா? அறுத்தவ கையில சங்கிலி போட்டா ஊரு என்ன சொல்லும்?”

“ஊரு மணி சொல்லுமா பெரிய மச்சான்? சொல்லும்னா நான் ஏன் இதோட மாரடிக்கிறேன்?”

“வாய் மட்டும் கொறையல” என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போட முடியாத சங்கிலிக்குத்தானே இம்புட்டுப் பேச்சும்?

நேற்று மத்தியானம் குழம்புக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தேன். அரைக்கும்போதும் கண் கிண்ணத்தின்மேலேயே இருந்தது. பொறுக்காமல், கையைக்கூடக் கழுவாமல் சங்கிலியை எடுத்து, முந்தானையில் எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஊக்கு முனையால் ஒரு திருகாணியின் பள்ளத்தைக் குத்திக் கிளறினேன். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. துரு என்றால் செம்பட்டையாக இருக்கவேண்டாமா என்று யோசித்துக்கொண்டே அதை விரலால் தேய்த்தேன். விரல் சிவந்துவிட்டது.

ஊக்கு குத்தி ரத்தம் வருகிறது என்று நினைத்தேன். துடைத்துப் பார்த்தால் காயம் இல்லை. வலியும் இல்லை. சிவப்பு மட்டும் இருந்தது, ஆரத்தித் தட்டில் கரைத்த மாதிரி. மஞ்சள் பட்ட இடத்தில் சிவக்கவேண்டுமானால் அந்தப் பொடி என்னவாக இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

மச்சான், அது உங்கள் சுண்ணாம்பு.

வெற்றிலைக்குத் தடவியது போக விரலில் மிஞ்சுகிற சுண்ணாம்பை எங்காவது தேய்க்காவிட்டால் உங்களுக்கு மென்றது செரிக்காது. வீட்டுத் தூணில் தேய்த்தீர்கள். கதவு நிலையில் தேய்த்தீர்கள். வண்டி நுகத்தடியில், ஒரு தரம் கன்றுக்குட்டியின் கொம்பில்கூட. நான் தேய்த்துக் கழுவிக் கழுவித் திட்டாத திட்டெல்லாம் திட்டினேன். திடீரென்று ஒரு காலத்தில் தூண் சுத்தமாகிவிட்டது. மனுஷர் திருந்திவிட்டார் என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். எங்கே திருந்தினீர்கள்? என் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, வாட்ச் சங்கிலியின் அடிப்பக்கம் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்! கள்ளன். அதுவும் எத்தனை வருஷமாக!

அம்மிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன். சத்தமாகத்தான் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி, இவளுக்கு மறை கழன்றுவிட்டது என்று எட்டிப் பார்த்தாள். அவள் பார்க்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். உங்களுக்குப் பின்னால் நான் அப்படி வாய்விட்டு அழுதது நேற்றுத்தான். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து அழச் சொன்னபோது வராதது நேற்று யாரும் சொல்லாமல் வந்தது.

அழுது முடித்தபிறகு புத்தி வேலை செய்தது. சுண்ணாம்புக்கு எண்ணெய் விட்டால் என்ன ஆகும்? சுவருக்குப் பூசுகிற காரையாகத்தான் ஆகும். வெற்றிலைச் சுண்ணாம்பில் வாய் வெந்தால் தேங்காய் எண்ணெய் தடவிப் பழகிய கை, திருகாணிக்கும் அதையே தடவியிருக்கிறது. அத்தனை நாளும் நான் இளக்கவில்லை, பூசி இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். சுண்ணாம்பை விரட்டப் புளிப்புதான் வேண்டும். கொல்லையில் எலுமிச்சை காய்த்துத் தொங்கியது.

பழத்தை அறுத்து வைத்துக்கொண்டு பிழிய மனம் வரவில்லை. இதை யாரிடம் சொல்ல? வேட்டியையும் துண்டையும் வண்ணாத்தி கொண்டுபோய்விட்டாள். உங்கள் வெற்றிலைப் பெட்டியை உங்களோடேயே அனுப்பிவிட்டார்கள். உங்கள் விரல் பட்டது பட்டபடியே இருப்பது இந்த அழுக்கு ஒன்றுதான். அதையும் நானே என் கையால் கரைத்து ஊற்றவா? தூணில் இருந்ததைத்தான் பாவி நான் என்றைக்கோ கழுவிவிட்டேனே. இந்தப் பக்கம் உங்கள் சுண்ணாம்பு, அந்தப் பக்கம் உங்கள் கொடிக்கால். நான் எதை வைத்துக்கொள்வது? நீங்களாக இருந்தால் எதைச் சொல்வீர்கள்?

கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். “மடைய அடைச்சுரு” என்று சொன்னதுதான் காதில் கேட்டது. பிழிந்தேன்.

சொய்யென்று நுரைத்தது. பழையது கரைந்ததும் துடைத்துவிட்டு மறுபடியும் பிழிந்தேன். வெந்நீரில் அலசி, சூடு ஆறுவதற்குள் இரும்பு நகத்தை வைத்தேன். பாய் செய்த மாதிரி எடுத்த எடுப்பில் கழற்றும் பக்கம் திருகவில்லை. காதுத் தோட்டின் திருகாணி முரண்டினால் என்ன செய்வோம்? முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூல் அளவு திருப்பி, பிறகுதான் கழற்றுவோம். அப்படியே செய்தேன். நற்றென்று ஒரு சத்தம். என் பல்தான் உடைந்ததோ என்று நினைத்தேன். திருகாணி உள்ளங்கையில் வந்து விழுந்தது.

இந்தப் பக்கத்தில் இரண்டு கண்ணி வந்துவிட்டது. அந்தப் பக்கம்

இருங்கள். யாரோ மேட்டில் தலைதெறிக்க ஓடிவருகிறார்கள். உங்கள் அண்ணன்தான். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். வண்டி இன்னும் வரவில்லை. கையெழுத்து ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையதைப் போலவே அவருடைய முகூர்த்தச் சரக்கும் இதே வண்டிக்குத்தான். கட்டு கட்டுவதில் பொழுது போனதே தெரியவில்லையாம். மாடு நுரை தள்ள ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

“வண்டி போயிருச்சா?” என்றார். மூச்சு வாங்கியது.

“இன்னும் வரல. உக்காருங்க.”

என் கட்டுகள் வரிசையாக அடுக்கி, ஈரத் துணி போர்த்தி இருந்ததைப் பார்த்தார். உட்கார்ந்தார். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். எங்கேயோ பார்த்துக்கொண்டு, “மணி எம்புட்டு ஆச்சு?” என்று கேட்டார். அறுத்தவள் கையில் சங்கிலி கூடாது என்ற மனுஷர், மச்சான்! கையை நீட்டிப் பார்த்துச் சொன்னேன். “இம்புட்டு நேரமா ஆச்சு?” என்று சொல்லிக்கொண்டே இலைக்குச் சுண்ணாம்பு தடவினார். இலையை வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்திலிருந்த தூணில் தேய்த்தார்.

அதே விரல், அதே இழுப்பு. என்ன நினைத்தேனோ, கையைத் திருப்பி, சங்கிலியின் அடிப்பக்கத்தை அவருக்குக் காட்டினேன். மற்றதெல்லாம் பளபளப்பாக இருக்க, ஒரே ஒரு திருகாணியின்மேல் மட்டும் வெள்ளையாக அப்பியிருந்தது.

“இது என்னன்னு தெரியுதா பெரிய மச்சான்?”

குனிந்து பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது.

“கிறுக்குப் பய” என்றார். “சின்னதுல தூணுல தேய்ச்சதுக்கு எங்க ஆத்தா கரண்டியக் காச்சிக்கிட்டு வெரட்டும். ரெண்டு பேரும்தான் தேய்ப்போம். நான் ஓடிருவேன், அவன் மாட்டிக்குவான்.” துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வையைத் துடைக்கிறவர் அத்தனை நேரம் துடைக்கமாட்டார். “அத எடுத்துராத ஆத்தா.”

“எடுக்கல. எடுக்கவும் மாட்டேன்” என்றேன்.

“கொடிக்கால்” என்று நான் ஆரம்பித்தேன்.

“கொடிக்கால் எங்க போகுது? இருந்த எடத்துலதான் இருக்கு. இனிமே கெளம்புறப்ப எனக்கும் ஒரு சத்தம் குடு.”

அவ்வளவுதான். பங்காளிகளைக் கூட்டி வைத்துப் பறிக்கவந்ததை இரண்டு வார்த்தையில் கொடுத்துவிட்டு, வாயில் இருந்ததைத் துப்ப எழுந்து போய்விட்டார். சரக்கு இன்னும் வண்டி ஏறவில்லை. ஏறட்டும், பிறகு சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.

நடுவில் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்திலும் இரண்டு கண்ணிகளை எடுக்க நினைத்திருந்தேன். அதற்குக் கொக்கிக்கு அடுத்த கண்ணியின் திருகாணியைக் கழற்றவேண்டும். அங்கேதான் பூச்சு எல்லாவற்றையும்விடத் தடித்திருந்தது. வலது கை விரலை மடக்கினால் நேரே அங்கேதான் வந்து நிற்கிறது. நானே என் விரலை வைத்துப் பார்த்தேன். தினமும் அங்கேதான் துடைத்திருக்கிறீர்கள். பாதி எலுமிச்சம்பழம் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டேன். அந்தத் திருகாணியைத் தொடாமல், அதற்கு அடுத்ததைக் கழற்றி ஒரு கண்ணியோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தைக் கோத்து மறுபடியும் வாட்சில் மாட்டினேன்.

அதனால் வாட்ச் என் கையில் கச்சிதமாக நிற்கவில்லை. ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டு ஆடிக்கொண்டிருக்கிறது. விழாது, பார்த்துவிட்டேன். கட்டைத் தூக்கினேன், குனிந்து நிமிர்ந்தேன், வாய்க்காலில் கையை அலசினேன், விழவில்லை. இடம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். விரல் வைக்க ஆள் வந்தாலும் வரும், யார் கண்டது?

கைகாட்டி இறங்கிவிட்டது. மரங்களுக்கு மேலே புகை தெரிகிறது. உங்கள் அண்ணன் திரும்பி வந்து நிற்கிறார். “நேரமாச்சுன்னு தவிக்கிறியே, நான் வேணும்னா போயி மடைய அடைக்கட்டா? கட்ட நீ ஏத்திட்டு வா” என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது எனக்குச் சொல்லிவிட்டுப் போன வேலை.

அந்தத் திருகாணியை நான் கழற்றமாட்டேன், மச்சான். எவரையும் கழற்றவும் விடமாட்டேன். தினமும் காலையில் மறக்காமல் சாவி கொடுக்கிறேன். வண்டி வந்துகொண்டிருக்கிறது. கட்டுகளை ஏற்றிவிட்டு ஓடினால் நேரத்துக்குப் போய்விடலாம். ஆறு மணிக்கு மடையை அடைத்துவிடுவேன்.

வாரேன்.

அன்றும் இன்றும் உங்களைத் திட்ட உரிமையுள்ள
உங்கள் மாமன் மகள்